கண் ஸ்கேனுக்குப் போகும் முன்

(மாவட்ட நூலகம் ஒன்றில், வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, "பக்கத்து ரூம்ல ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துடுங்க" என்று சொன்னதும் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. வயிற்றுக்கு ஸ்கேன் என்றால் இப்போது யாரும் பயப்படுவதில்லை. கர்ப்பிணிக்கு எடுக்கிறார்கள், சிறுநீரகக் கல்லுக்கு எடுக்கிறார்கள், பழகிவிட்டது. கண்ணுக்கு என்றால் மட்டும் உள்ளே கட்டி இருக்குமோ, ஊசி போடுவார்களோ, கதிர் பட்டு இருக்கிற பார்வையும் போய்விடுமோ என்று மனம் ஓட ஆரம்பித்துவிடும். வரிசையில் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், பக்கத்து நாற்காலிக்காரர் தன் சொந்தக்காரர் கதை ஒன்றையும் சொல்லி வைப்பார்.

அந்தப் பயத்தைப் போக்குவது இன்று எனக்கு ஒரு வேலை. அதைவிட முக்கியமான வேலை இன்னொன்று உண்டு. இந்தச் சோதனையில் நோயாளி சும்மா படுத்திருந்தால் போதாது. அவர் செய்ய வேண்டியது சில இருக்கின்றன, சொல்ல வேண்டியது சில இருக்கின்றன. அவற்றைச் செய்தால்தான் முடிவு சரியாக வரும். எங்கள் துறையில் இருப்பவர்கள் இதைப் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த அழைப்பை ஒப்புக்கொண்டேன்.

முதலில், இது என்ன சோதனை என்று பார்ப்போம். சாதாரணமாகக் கண் டாக்டர் உங்கள் கண்ணுக்குள் பார்ப்பது வெளிச்சத்தை வைத்து. முன்னால் இருக்கும் கருவிழி, அதன் பின்னால் லென்ஸ், அதற்கும் பின்னால் கண் முழுக்க நிறைந்திருக்கும் தெளிந்த கூழ், எல்லாவற்றுக்கும் பின்சுவராக விழித்திரை. முன்னால் இருப்பவை எல்லாம் தெளிவாக இருந்தால் விழித்திரையின் ரத்தக் குழாய்களைக்கூட நேராகப் பார்த்துவிடலாம். அப்படிப் பார்க்க முடிந்தால் பெரும்பாலும் ஸ்கேன் தேவைப்படாது. புரை முற்றி வெள்ளையாகிவிட்டது, கூழுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது, கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது என்றால் வெளிச்சம் அங்கேயே நின்றுவிடும். ஒலி நிற்காது. அது மறைப்பைத் தாண்டிப் போய்ப் பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

சிறு வயதில் பாழுங்கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் கேட்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்திருப்பீர்கள். ஆழத்தை நேரமாக மாற்றிக் கேட்ட அந்த முறைதான் இங்கேயும். கண்ணுக்குள் இருக்கும் நீரிலும் கூழிலும் ஒலி விநாடிக்கு 1,532 மீட்டர் வேகத்தில் போகிறது. லென்ஸுக்குள் 1,641 மீட்டர். கருவிழியில் புறப்பட்ட ஒலி விழித்திரையைத் தொட்டுவிட்டுத் திரும்ப, ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் முப்பது கூறு ஆகும். இந்த நேரத்தைக் கருவி அளந்து தூரமாக்குகிறது. நம் காதுக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்காது. வயிற்று ஸ்கேனில் சுமார் 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் அதிர்வுகள் வரை பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு கோடி. அதிர்வு கூடினால் ஆழமாகப் போகாது, ஆனால் நுணுக்கமாகத் தெரியும். கண்ணோ இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு சின்ன உருண்டை. நமக்கு ஆழம் வேண்டாம், நுணுக்கம்தான் வேண்டும்.

இதில் எக்ஸ்ரே கதிர் எதுவும் கிடையாது. வெறும் ஒலி. அந்த ஒலிக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. அமெரிக்காவின் மருந்து, உணவுக் கட்டுப்பாட்டு அமைப்பு, உடம்பின் மற்ற பாகங்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட் வரை ஒலியின் செறிவு போகலாம் என்று வைத்திருக்கிறது. கண்ணுக்கு அது வைத்திருக்கும் எல்லை 50 மட்டுமே. கண்ணுக்கென்றே உள்ள கருவிகள் இதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பொதுவான ஸ்கேன் கருவியில் கண்ணைப் பார்க்க நேர்ந்தால், அதைக் கண்ணுக்குரிய அமைப்பில் மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு இடத்தில் எடுப்பதாக இருந்தால், "கண்ணுக்கான செட்டிங்ல வச்சிருக்கீங்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

இந்த முறை ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1956-ல் அமெரிக்காவில் மண்ட், ஹியூஸ் என்ற இருவர், ஒலியைக் கண்ணுக்குள் அனுப்பித் திரும்பி வருவதைத் திரையில் மேலெழும் கோடுகளாகக் காட்டினார்கள். இன்றைய ஏ-ஸ்கேனுக்கு அதுதான் வேர். இரண்டு வருடம் கழித்து பாம், கிரீன்வுட் இருவரும் அதைக் கண்ணின் குறுக்குவெட்டுப் படமாக ஆக்கினார்கள். அது பி-ஸ்கேன். அன்று கண்ணுக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி கட்டித்தான் படம் எடுக்க முடிந்தது. 1970-களில் பிரான்சன் என்பவர் கையில் பிடித்து இமை மேல் வைக்கும்படியான கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் இது சாதாரண ஆஸ்பத்திரிகளுக்கும் வந்தது.

அறைக்குள் என்ன நடக்கும்? உங்களைப் படுக்க வைப்பார்கள், அல்லது சாய்வு நாற்காலியில் சாய்ந்து உட்கார வைப்பார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. காலையில் போடும் பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, கண் சொட்டு மருந்து எதையும் நிறுத்த வேண்டியதில்லை. பி-ஸ்கேன் என்றால் மூடிய இமை மேல் ஜெல் தடவி, பேனா போலப் பிடித்த கருவியின் முனையை அதன் மேல் வைப்பார்கள். ஜெல் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். சில நேரம் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறந்தபடியே வெள்ளைவிழி மேல் வைப்பதும் உண்டு. அது இன்னும் தெளிவாகக் காட்டும். சொட்டு விட்டதும் ஓரிரு விநாடி எரியும், பிறகு உணர்ச்சி இருக்காது. பெரும்பாலும் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்த பிறகு ஜெல்லைத் துடைத்துவிடுவார்கள்; சிறிது நேரம் பார்வை மங்கலாக இருக்கும். மரத்துப்போன கண்ணில் மணல் விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அதனால் அரை மணி நேரமாவது கண்ணைக் கசக்காதீர்கள். தூசியில் டூ-வீலர் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதையும் தவிருங்கள்.

இனி சொல்வது இந்த உரையின் மையம், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஸ்கேன் ஓடும்போது "மேலே பாருங்க, கீழே பாருங்க, இடது பக்கம், வலது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மூடிய கண்ணோடு எங்கே பார்ப்பது என்று பலர் அசையாமல் படுத்துவிடுகிறார்கள். தப்பு செய்துவிடக் கூடாது என்ற மரியாதையில் சிலர் மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். இமைக்குள்ளே விழியைச் சுழற்ற வேண்டும். ஏன் என்று திரையில் தெரிவதைச் சொன்னால் புரிந்துவிடும்.

திரையில் கண் ஒரு கறுப்பு வட்டமாகத் தெரியும். கறுப்பு என்றால் ஒலி தடையில்லாமல் போகிறது என்று பொருள். வட்டத்தின் பின் ஓரம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். அதன் நடுவில் ஒரு கறுப்புக் குடைவு. அதுதான் பார்வை நரம்பு. இப்போது அந்தக் கறுப்புக்குள் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி, பின்சுவரை விட்டு விலகும். அது அறுபது, எழுபது வயதில் பெரும்பாலோருக்கு நடப்பது, பொதுவாகத் தொல்லை இல்லாதது. மற்றொன்று, விழித்திரையே பிய்ந்து எழுந்திருப்பது. அதற்கு அவசரமாக ஆபரேஷன் வேண்டும். அச்சடித்த படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும்.

நீங்கள் விழியை இடமிருந்து வலமாகத் திருப்பிச் சட்டென்று நிறுத்தும்போதுதான் வித்தியாசம் தெரியவரும். கூழின் படலமாக இருந்தால், விழி நின்ற பிறகும் அது தளர்வாக அலைந்துகொண்டே இருக்கும். விழித்திரையாக இருந்தால் கொஞ்சம் விறைப்பாக அசைந்து சீக்கிரம் நின்றுவிடும்; அதன் ஒரு முனை பார்வை நரம்பின் வாயில் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். அதே நேரத்தில் ஸ்கேன் எடுப்பவர் ஒரு குமிழைத் திருகி, ஒலியின் உணர்திறனைப் படிப்படியாகக் குறைப்பார். கூழின் படலம் மங்கி மறைந்துவிடும். விழித்திரை மட்டும் கடைசிவரை வெள்ளையாக நிற்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் "விழித்திரை விலகியிருக்கிறது" என்றோ "விலகவில்லை" என்றோ எழுதுகிறார். ஆஸ்திரிய மருத்துவர் கார்ல் ஒசாய்னிக் இந்தத் துறையை ஒழுங்குபடுத்தியபோது, இடம் பார்ப்பது, எதிரொலியின் அளவு பார்ப்பது, அசைவு பார்ப்பது என்று மூன்றாக வகுத்தார். அந்த மூன்றாவது பாகம் நோயாளியின் கையில், சரியாகச் சொன்னால் அவருடைய விழியில் இருக்கிறது.

அதனால்தான் வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்றால், அந்தச் சின்னப் படத்தாளை மட்டும் மகன் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். இது எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி அல்ல. கண்ணோடு நீங்கள் போக வேண்டும். அவர் இன்னொரு முறை ஸ்கேன் எடுத்தால் "காசுக்காகத்தான் எடுக்கிறார்கள்" என்று உடனே எண்ணிவிடவும் வேண்டாம். ஓடும் படத்தைத் தன் கண்ணால் பார்க்காமல் அவரால் பொறுப்பாகச் சொல்ல முடியாது.

அடுத்தது, நீங்கள் சொல்ல வேண்டியவை. அந்தக் கண்ணில் முன்பு நடந்த ஆபரேஷன் எதையும் மறைக்காமல், மறக்காமல் சொல்லுங்கள். விழித்திரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலருக்குக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பியிருப்பார்கள். எண்ணெயில் ஒலி மெதுவாகப் போகும், விநாடிக்கு ஆயிரம் மீட்டர் அளவுக்குத்தான். அது தெரியாமல் அளந்தால் சாதாரணக் கண்கூட முப்பது மில்லிமீட்டருக்கு மேல் நீளம் என்று கருவி காட்டிவிடும். அந்த நீளத்தை நம்பி லென்ஸ் வைத்தால் பவர் முழுக்கத் தவறிப்போகும். சிலருக்கு எண்ணெய்க்குப் பதில் வாயு அடைத்திருப்பார்கள். வாயுவை ஒலியால் தாண்டவே முடியாது. (வாயு இருக்கும் வரை விமானத்தில் ஏறக்கூடாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மேலே போகும்போது அது விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.) கண்ணாடி வேண்டாம் என்று லேசர் செய்துகொண்டவர்களும் அதைச் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு முன் செய்தது என்று விட்டுவிடாதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் புரை ஆபரேஷனுக்காக அளவெடுக்க வரும் முன், எத்தனை நாள் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது கருவிழியின் வளைவைத் தற்காலிகமாக மாற்றிவிடும். 'மெட்ராஸ் ஐ' வந்து கண் சிவந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு அது பெரிய உதவி. கருவியின் முனையைத் துடைத்தீர்களா என்று நீங்கள் கேட்டால் நல்ல ஆஸ்பத்திரியில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஏ-ஸ்கேனுக்கு வருகிறேன். நம் ஊரில் மிக அதிகமானோர் செய்துகொள்வது இதைத்தான். புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸுக்குப் பவர் கணக்கிட இது தேவை. லண்டனில் 1949-ல் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். கண் மருத்துவத்தில் பெரிய திருப்பம் அது. ஆனால் அந்த முதல் நோயாளிக்கு ஆபரேஷன் முடிந்தபோது மைனஸ் பவர் மிகக் கடுமையாக ஏறியிருந்தது. கண்ணின் நீளத்தை நம்பிக்கையாக அளந்து பவர் கணக்குப் போடும் வழி அன்று இல்லை.

நம் தாத்தா பாட்டி காலத்தில் புரையை மட்டும் எடுத்துவிட்டுக் கனத்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். அதை மூக்கின் மேல் சுமந்த முகங்கள் இங்கே பலருக்கு நினைவிருக்கும். மதுரையில் 1992-ல் தொடங்கிய அரோலேப் குறைந்த விலையில் லென்ஸ் செய்து கொடுக்க ஆரம்பித்த பிறகு, ஏழை நோயாளிக்கும் கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது இயல்பானது. லென்ஸ் எல்லோருக்கும் கிடைத்தபோது, அளவும் எல்லோருக்கும் சரியாக எடுக்கப்பட வேண்டியதாயிற்று.

அளவில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் தெரியுமா? பெரியவர்களின் கண் பொதுவாக 23, 24 மில்லிமீட்டர் நீளம். இதில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடிப் பவரில் ஏறக்குறைய இரண்டரை வித்தியாசம் வந்துவிடும். கருவியின் முனையைக் கருவிழியில் தொட்டு அளக்கும்போது சற்று அழுத்திவிட்டால் போதும், கண் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு, மூன்று பாகம் அமுங்கிவிடும். கண் குட்டை என்று கருவி நினைத்துக்கொண்டு பவர் கூடிய லென்ஸைச் சொல்லும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நோயாளிக்கு எதிர்பாராத மைனஸ் பவர் நிற்கும். இதைத் தவிர்க்க, கண்ணின் மேல் சிறிய கிண்ணம் ஒன்றை வைத்து, அதில் திரவம் நிரப்பி, கருவிழியைத் தொடாமலே அளக்கும் முறையும் இருக்கிறது. அதற்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும், அளவு நம்பகமாக வரும். நீங்கள் செய்ய வேண்டியது, நேராக ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பது. இதில் விழி ஆடக்கூடாது; பி-ஸ்கேனுக்கு நேர் எதிர். இரண்டு கண்ணையும் அளப்பார்கள். ஆபரேஷன் ஒரு கண்ணுக்குத்தானே என்று தடுக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட ஒரே நீளம். ஒன்று மட்டும் வெகுவாக மாறுபட்டால், அளந்தவர் மறுபடி அளக்க அதுவே எச்சரிக்கை.

இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒளியால் அளக்கும் கருவி வந்துவிட்டது. தொடவே வேண்டாம், மிகத் துல்லியம். "அங்கே தொடாமல் எடுத்தாங்க, இங்கே பழைய மெஷின்ல எடுக்கிறாங்க" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். புரை கடுமையாக முற்றியிருந்தால் அந்த ஒளியும் உள்ளே நுழையாது. அப்போது ஒலியிடம்தான் வர வேண்டும்.

புரை பழுக்கட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. பழுக்கும் வரை காத்திருக்க இன்றைய ஆபரேஷன் முறையில் எந்தத் தேவையும் இல்லை. காத்திருந்தால் புரை கல்லாகி ஆபரேஷன் கடினமாகும். பின்னால் விழித்திரை எப்படி இருக்கிறது என்று நேராகப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். அந்த நிலையில் வருகிறவருக்கு ஆபரேஷனுக்கு முன் பி-ஸ்கேன் எடுக்கிறோம். விழித்திரை விலகியிருந்தால், வெறும் புரையை மட்டும் எடுப்பதால் பார்வை வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது டாக்டரின் கடமை, கேட்டுத் தெரிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை.

அதோடு ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். "ஸ்கேன் நார்மல்" என்று எழுதியிருந்தால் பார்வை முழுதாக வந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஸ்கேன் உருவத்தைப் பார்க்கிறது, வேலையைப் பார்ப்பதில்லை. கண்ணழுத்த நோயால் பார்வை நரம்பு காய்ந்துபோயிருக்கலாம். விழித்திரையின் நடுப்புள்ளியில் மெல்லிய கெடுதல் இருக்கலாம். ஒலியின் நுணுக்கம் அதற்குப் போதாது. அதனால்தான் ஸ்கேன் எடுத்த பிறகும் டாக்டர் டார்ச் லைட்டை நாலா பக்கமும் காட்டி, "வெளிச்சம் எந்தப் பக்கம் வருது, சொல்லுங்க" என்று கேட்கிறார். இவ்வளவு பெரிய கருவி இருக்கும்போது டார்ச் எதற்கு என்று நினைக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஸ்கேனால் பதில் சொல்ல முடியாது.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றிக் கொஞ்சம். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு கண்ணில் மை கொட்டினாற்போல் கறுப்பு இறங்கியிருக்கும். வலி இருக்காது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்ததன் அடையாளம் அது. ரத்தம் பல நேரம் தானாகக் கரையும். பொறுத்திருப்பதா, ஆபரேஷனா என்பதை அந்த ரத்தத்துக்குப் பின்னால் விழித்திரை இழுபட்டு எழுந்திருக்கிறதா என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்யும். அதை ஸ்கேன் காட்டும். ஒரு முறை எடுத்து விழித்திரை ஒட்டியிருக்கிறது என்று வந்தாலும், மறுபடி வரச்சொல்லி எடுப்பார்கள். ரத்தம் மறைத்திருக்கும் காலம் முழுதும் ஸ்கேன்தான் டாக்டருக்குக் கண். "போன தடவை நல்லாத்தானே இருந்தது" என்று இரண்டாவது ஸ்கேனுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். இடையில் நிலைமை மாறலாம். படுக்கும்போது தலையணையை உயர்த்தி வைத்துக்கொண்டால், ரத்தம் அடியில் தங்கி மேற்பகுதி தெளிய அது உதவும்.

கண் முன்னால் திடீரென்று பூச்சி பறப்பதுபோல் நிறையத் தெரிந்தாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்கினாலோ அன்றைக்கே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, கல்யாண வீடு என்று தள்ளிப்போட வேண்டாம். விழித்திரையின் நடுப்பகுதி விலகுவதற்கு முன் வந்தவருக்கும், அது விலகிய பிறகு வந்தவருக்கும் கிடைக்கும் பார்வை வேறு வேறு.

ரிப்போர்ட்டில் சில வார்த்தைகளைப் பார்த்துவிட்டுத் தாமாகவே பயந்துகொள்கிறவர்கள் உண்டு. வயதானவர்கள் சிலரின் கூழுக்குள் சுண்ணாம்பும் கொழுப்பும் கலந்த துகள்கள் மிதக்கும். ஸ்கேனில் அது இரவு வானத்து நட்சத்திரம்போல் திரை முழுக்கப் பளபளக்கும். பார்க்கப் பயமாக இருக்கும், பார்வையைப் பெரும்பாலும் கெடுப்பதில்லை. இன்னொன்று, தலைவலி என்று வரும் இளைஞர்களின் பார்வை நரம்பு சில சமயம் வீங்கியதுபோல் தெரியும். மூளையில் அழுத்தம் ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் எழும். நரம்பின் தலையில் பிறவியிலிருந்தே மெல்ல மெல்லப் படிந்த சுண்ணாம்புப் பொருள் இருந்தால், அது பி-ஸ்கேனில் உணர்திறனைக் குறைத்த பிறகும் ஒளிரும். வீக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு எளிய ஸ்கேன் ஒரு குடும்பத்தின் பல நாள் கவலையைத் தீர்த்து வைக்கும் இடம் இது.

காயம் பட்ட கண்ணுக்கு மட்டும் விதி வேறு. லேத் பட்டறையில் உளியைச் சுத்தியலால் அடிக்கும்போது தெறித்த இரும்புத் துகள், தீபாவளி வெடி, விளையாட்டில் குத்திய குச்சி என்று எதுவாக இருந்தாலும் கண் கிழிந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் அதை அழுத்தக் கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், துணியால் ஒற்றாதீர்கள், பால் விடாதீர்கள். ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணைத் தொடாமல் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வாருங்கள். அத்தகைய கண்ணில் ஸ்கேன் கருவியை வைப்பதா வேண்டாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பல நேரம் கிழிசலைத் தைத்த பிறகே எடுப்போம். இரும்புத் துகள் உள்ளே இருக்கும் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் மட்டும் போகக் கூடாது, காந்தம் அந்தத் துகளை நகர்த்திவிடும். "வெல்டிங், லேத் வேலை செய்கிறவர்" என்பதை அங்கே இருப்பவரிடம் கூட வந்தவர்களே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. போட்டோவில் எல்லோருக்கும் கண்மணி சிவப்பாகவோ கறுப்பாகவோ தெரியும்போது ஒரு குழந்தைக்கு மட்டும் ஒரு கண்ணில் வெள்ளையாகப் பளபளத்தால், அது கேமராவின் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். பிறவிப் புரையாக இருக்கலாம். விழித்திரையில் வரும் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம். ஏறக்குறைய 15,000-லிருந்து 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு அந்தக் கட்டி வருகிறது. கட்டிக்குள் பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்திருப்பதால் பி-ஸ்கேனில் பளிச்சென்று தெரியும், அதன் பின்னால் நிழலும் விழும். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்ற முடியும். பல நேரம் கண்ணையும் காப்பாற்ற முடியும். ஸ்கேனுக்குக் குழந்தையை மயக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அம்மா மடியில், பால் குடித்துத் தூங்கும் நேரத்தில் மூடிய இமை மேலேயே எடுத்துவிடலாம். அதனால் சீட்டு கொடுத்த அன்றே குழந்தை தூங்கும் நேரத்தைச் சொல்லி அறையில் கேட்டு வையுங்கள்.

கூட்டத்திலிருந்து சீட்டுகள் வந்திருக்கின்றன, பதில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பமாக இருக்கும் மகளுக்குக் கண் ஸ்கேன் எடுக்கலாமா என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். தாராளமாக எடுக்கலாம், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. மரத்துப்போகும் சொட்டு மருந்து விடும் முன் கர்ப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடச் சொல்லுங்கள். இன்னொருவர், புரை ஆபரேஷன் செய்து மூன்று வருடம் ஆகிறது, இப்போது மற்றக் கண்ணுக்கு வேறு ஊரில் செய்யப் போகிறேன், பழைய அளவு வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டும் ஐயா. ஆபரேஷன் அன்று லென்ஸ் பவர் எழுதிய ஒரு ஸ்டிக்கரை உங்கள் அட்டையில் ஒட்டியிருப்பார்கள். அந்த அட்டை, முதல் ஏ-ஸ்கேன் தாள், ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கண்ணாடிச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் கண்ணில் கணக்குக்கும் கிடைத்த பார்வைக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று பார்த்து, இரண்டாவது கண்ணுக்கு லென்ஸைத் திருத்தித் தேர்ந்தெடுக்க அங்கிருக்கும் டாக்டருக்கு அது உதவும். அட்டை தொலைந்திருந்தால், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு உங்கள் பதிவு எண்ணோடு போய்க் கேளுங்கள்.